ஒண்ணும் இல்லம்மா

பையன் நெளிந்ததால்தான் டாக்டர் குருபாதம் கையை வைத்தார், இல்லாவிட்டால் வைத்திருக்க மாட்டார், காலையிலிருந்து வேறு எந்தப் பிள்ளையின் மேலும் வைக்கவில்லை. ஸ்டெதஸ்கோப்பின் வட்டம் சில்லென்று பட்டதும் அந்த ஆறாம் வகுப்புப் பையன் சிரிப்பை அடக்க முடியாமல் வளைந்தான். சரிப்பா, சரிப்பா என்று அவன் இடது மார்பில் உள்ளங்கையை அகலமாகப் பதித்துப் பிடித்தார், அப்போது கைக்குக் கீழே ஏதோ முனகியது. ஒவ்வொரு துடிப்பிலும் ஒரு முனகல், விட்டு மறுபடியும் ஒரு முனகல். தூங்குகிற பூனையின் வயிற்றில் கை வைத்தால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும் என்று மாணவர்களுக்கு அவரே வருஷா வருஷம் சொல்லிக் கொடுத்ததுதான், அவர்களும் வருஷா வருஷம் சிரித்ததுதான். இதயத்தின் வால்வு ஒன்று சரியாக மூடாமல் ரத்தம் பின்னோக்கிப் பீச்சுகிறது, அந்த இரைச்சல் மிகவும் பெரிதாக இருந்தால்தான் கைக்குத் தெரியும், கைக்கே தெரிந்தால் காதுக்கு அது கொட்டு முழக்கு. சரி, கேட்போம் என்று வட்டத்தை அதே இடத்தில் வைத்தார். லப் டப். லப் டப். நடுவில் ஒன்றும் இல்லை. கொஞ்சம் நகர்த்தி வைத்தார். பையனை இடது பக்கமாகச் சாய்ந்து படுக்கச் சொல்லிக் கேட்டார். மூச்சை வெளியே விட்டுப் பிடிக்கச் சொல்லிக் கேட்டார். லப் டப், லப் டப், சீராக, சுத்தமாக, துடைத்துவைத்த தட்டு மாதிரி. கையை வைத்தால் முனகுகிறது, காதை வைத்தால் இல்லை. கை பொய் சொல்லாது என்று ஒரு நினைப்பு வந்தது, உடனே அதன் மறுபாதியும் வந்தது, அதை அவர் நினைத்து முடிக்கவில்லை, பாதியிலேயே நிறுத்திவிட்டு, உன் பேர் என்னப்பா என்று பையனைக் கேட்டார். அவன் ஏதோ சொன்னான். பக்கத்தில் நின்ற கிரேஸ் டீச்சர், இசக்கிராஜா சார் என்று எடுத்துக் கொடுத்தார்.

தையல் வகுப்பு அறையைத்தான் அவருக்கு ஒதுக்கியிருந்தார்கள். மிஷின்களைச் சுவரோரம் தள்ளி, நடுவில் ஒரு பெஞ்சு, அதன் மேல் வெள்ளைத் துணி, வாசலில் பிள்ளைகளின் வரிசை. அவர் இங்கே படித்த காலத்தில் இந்த அறை கிடையாது, ஓலைக் கொட்டகைதான் இருந்தது, செம்மண் தரையில் கால் புதையும். தவசிக்கண் அதிலேதான் பின் வரிசையில் உட்காருவான். இப்போது ஏன் தவசிக்கண். வரத்தான் செய்வான், இந்தப் பள்ளிக்கூடத்துக்கு அவர் வந்ததே தவசிக்கண்ணால்தான். ஓடச் சொன்னால் பாதியில் நின்று முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிடுவான், சோம்பேறி மூதேவி என்று டிரில் மாஸ்டர் பிரம்பால் பின்னங்காலில் போடுவார், அடி வாங்கும்போதும் அவனுக்கு அழ மூச்சு இருக்காது. பத்தாம் வகுப்பு அரையாண்டுப் பரீட்சைக்கு அவன் வரவில்லை. பயல் ரத்தம் கக்கிச் செத்தான், பேய் அடித்துவிட்டது என்றார்கள். மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் வருஷம், ஒரு பெண்ணின் நெஞ்சில் முதன்முதலாக அந்த இரைச்சலைக் கேட்டபோது குருபாதத்துக்கு முழங்காலைப் பிடித்துக் குனிந்து நிற்கிற தவசிக்கண்தான் தெரிந்தான். பேயும் இல்லை, சோம்பேறித்தனமும் இல்லை, சின்ன வயதில் வந்த தொண்டைக் காய்ச்சல், அதில் கெட்டுப்போன ஒரு வால்வு. யாராவது ஒரு ஆள் அவன் நெஞ்சில் காதை வைத்திருந்தால் போதும், யாரும் வைக்கவில்லை. அந்த ஒரு நினைப்பில்தான் அவர் இதய டாக்டர் ஆனார், ஊர் ஊராகப் போய் வேலை பார்த்தார், பேர் வாங்கினார், பேர் வாங்கியதும் அந்த நினைப்பைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு மதுரையில் வீடு கட்டினார்.

இப்போது எடுத்திருக்கிறார் பெட்டியிலிருந்து, ரிட்டையர் ஆகி எல்லாம் முடிந்த பிறகு. பழைய மாணவர்கள் கூட்டத்தில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அரிசி மில் வைத்திருப்பவன் இரும்புக் கேட் போட்டுத் தருகிறேன் என்றான், துபாயில் இருப்பவன் தண்ணீர்த் தொட்டி என்றான், கேட்டிலும் தொட்டியிலும் அவரவர் பெயரைப் பெரிதாக எழுதிக்கொள்ளலாம். குருபாதத்துக்கு உள்ளுக்குள் இளக்காரம். கேட்டும் தொட்டியும் யார் வேண்டுமானாலும் தரலாம். அவர் எழுந்து நின்று, நான் என் காதைத் தாரேன், பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை விடாமல் நெஞ்சைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். கை தட்டினார்கள். கைதட்டல் அவருக்கு நன்றாகக் கேட்டது. இன்று காலை பிரேயரிலும் தலைமையாசிரியை அதையே மைக்கில் சொன்னார், நம் டாக்டர் ஐயாவின் காதுக்கு எந்த மிஷினும் நிகர் இல்லை என்று சொன்னாராம். சொன்னாராம் என்பதுதான் விஷயம். மேடையில் அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை, பிள்ளைகள் தட்டும்போது அவரும் தட்டினார், தனக்கே தட்டிக்கொள்கிறோம் என்று தெரியாமல். கிரேஸ் டீச்சர்தான் பிறகு படியிறங்கும்போது அதைச் சொல்லிச் சிரித்தார். அவரும் சிரித்தார். மைக் செட் சரியில்லை என்று அப்போது நினைத்துக்கொண்டார். இப்போது சிரிப்பு வரவில்லை.

டாக்டர்களுக்கு வியாதி வருவதில்லை, வந்தால் அதற்கு வயது என்று பெயர். குக்கர் விசில் அடிப்பது கேட்கவில்லையா அப்பா, பருப்பு கருகிப் போச்சு என்று மகள் கத்தியபோது, நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன் என்றார். விடியற்காலையில் முருங்கை மரத்தில் குருவி வருவது நின்றுபோயிற்று என்று மனைவியிடம் வருத்தப்பட்டார், அவள் ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போனாள், கண்ணை மூடும் வரைக்கும் அவள் அந்தப் பார்வையை விளக்கவில்லை. கடைசியில் மகள்தான் இழுத்துக்கொண்டு போய்க் காது சோதனை செய்ய வைத்தாள். சோதனை செய்த பொண்ணு, அவர் பேத்தி வயது இருக்கும், சொல்லத்தான் செய்தது. கனமான சத்தம் எல்லாம் கேட்கும் சார், மெல்லிசான சத்தம்தான் போயிட்டு, விசில், குருவி, பொம்பளைப் பிள்ளைங்க குரல், அது மாதிரி. இரண்டு காது மிஷின்கள் கொடுத்தாள். அதோ, சட்டைப் பையில் டப்பாவில் இருக்கின்றன, ஸ்டெதஸ்கோப் மாட்டினால் அது மாட்ட முடியாது, அது மாட்டினால் இது முடியாது, எது வேண்டும் என்பதில் குருபாதத்துக்குச் சந்தேகமே இருந்ததில்லை. இதயம் கனமான சத்தம், இதயத்துக்கும் குருவிக்கும் என்ன சம்பந்தம் என்று தனக்குத்தானே வாதாடி, தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டார். லப் டப் கனமான சத்தம்தான். ஆனால் வால்வு ஒழுகுகிற இரைச்சல் மெல்லிசு, ஊதுகிற காற்று மாதிரி மெல்லிசு, அதை மாணவர்களுக்கு உதட்டைக் குவித்து ஊதிக் காட்டியவர் அவர். தெரியாதா அவருக்கு. தெரியும். தெரிந்த ஒன்றைப் பக்கத்தில் வரவிடாமல் இத்தனை நாள் கதவைச் சாத்தி வைத்திருந்தார், இப்போது ஒரு பொடிப்பயல் நெளிந்து அதைத் திறந்துவிட்டான்.

இந்தப் பையனுக்கு ஒன்றும் கெட்டுவிடாது, இவனைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லலாம், அனுப்பிவிட்டால் ஆயிற்று. இனிமேல் ஒவ்வொரு பிள்ளைக்கும் கையை வைத்தும் பார்க்கலாம், யாருக்கு என்ன தெரியப்போகிறது. இப்படி ஒரு வழி தென்பட்டதும் மனசு அதில் ஓடியது, கொஞ்ச தூரம் ஓடி முட்டி நின்றது. கைக்குத் தெரிகிற அளவுக்குப் பெரிசானது ஒன்றே ஒன்று. மெல்லிசாக இருப்பவை? காலையிலிருந்து சரி, போ, சரி, போ என்று முதுகில் தட்டி அனுப்பிய பிள்ளைகள்? அதில் எவனாவது நாளைக்கு மைதானத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தால் இந்த முறை டிரில் மாஸ்டர் அடிக்க மாட்டார், டாக்டர் பார்த்துச் சரியென்று சொன்ன பிள்ளை என்று இன்னும் ஒரு சுற்று ஓடவிடுவார். தவசிக்கண் நெஞ்சில் யாரும் காதை வைக்கவில்லை. இவர்கள் நெஞ்சில் வைத்தாயிற்று. வைக்காததைவிட இது மோசம், வைக்காதிருந்தால் சந்தேகமாவது மிஞ்சியிருக்கும். இதை எல்லாம் நினைத்துக்கொண்டிருந்தாலும் இது எல்லாமே வேறு ஒன்றை நினைக்காமல் இருப்பதற்காகத்தான் என்று அவருக்குத் தெரிந்தே இருந்தது. அந்த ஒன்று காலையில் முதல் ஆளாக வந்து நின்றது, ஒன்பதாம் வகுப்புப் பெண், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு.

மகிஷா என்று பெயர். அம்மா மாரிக்கனி, தீப்பெட்டி ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, தலைக்குக் குளித்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். மற்றப் பிள்ளைகள் வரிசைக்கு வருமுன் பார்த்துவிடுங்கள் என்று டீச்சரிடம் கெஞ்சி உள்ளே வந்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்சுக்குள் சத்தம் கேட்கிறது என்று சொல்லி மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி போடுகிறார்கள், இடுப்பில் போட்டால் இரண்டு நாள் பிள்ளை நொண்டுகிறது, இருபத்தோரு வயது வரை போட வேண்டுமாம், பொட்டப்பிள்ளைக்கு நெஞ்சு நோவு என்று ஊரில் தெரிந்தால் யார் வந்து கேட்பார்கள். டீச்சர் திருப்பிச் சொல்லச் சொல்லத்தான் இவ்வளவும் அவருக்குப் போய்ச் சேர்ந்தது. மஞ்சள் பையிலிருந்து ஸ்கேன் பேப்பரை எடுத்து நீட்டினாள், அவர் கையால் ஒதுக்கினார். பேப்பர் எல்லாம் வேண்டாம், நான் காதால் பார்க்கிறேன். எத்தனை தரம் சொல்லிச் சொல்லிப் பழகிய வசனம். ஸ்டெதஸ்கோப்பை மாட்டினார், அறையே அடங்கியது. அது ஒரு மரியாதை, உலகத்தில் எங்கே போனாலும் உண்டு, அந்த இரண்டு குழாயும் காதில் இருக்கும் வரை கலெக்டரே ஆனாலும் வாயைத் திறக்க மாட்டார். பதில் இல்லாத கேள்வியோடு சொந்தக்காரர்கள் சூழ்ந்துகொள்ளும்போது, செத்துக்கொண்டிருக்கிற ஆளின் நெஞ்சில் வட்டத்தை வைத்துக்கொண்டு சும்மா நின்றிருக்கிறார் அவர், எதையும் கேட்காமல், அந்த அமைதிக்காக மட்டும். ஆனால் மகிஷாவுக்கு அப்படி இல்லை, நிஜமாகவே கேட்டார், கண்ணை மூடிக்கொண்டு, மனசார. லப் டப். சுத்தமாக இருந்தது. இந்தக் காலத்து டாக்டர் பையன்களுக்குக் கேட்கத் தெரியவில்லை, எல்லாம் மிஷின், மிஷினில் ஒரு நிழல் விழுந்தால் ஆயுசு முழுக்க ஊசி. அவருக்குக் கோபமே வந்தது, நல்ல சுகமான கோபம். ஒண்ணும் இல்லம்மா என்றார். அவள் நம்பாமல் பார்த்தாள். ஒண்ணும் இல்லம்மா, ஊசியை நிறுத்துங்க, இனிமே எவனாவது வேற மாதிரி சொன்னா காதுல வாங்காதீங்க, நான் சொன்னேன்னு சொல்லுங்க. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டாள், தோள் குலுங்கியது. பிள்ளை மட்டும், அப்போ நான் கோகோ ஆடலாமா என்று கேட்டாளாம். ஆடு தாயி, நல்லா ஆடு.

அவள் நெஞ்சில் இருந்த சத்தம் போயிருக்கலாம். ஏன், சில பிள்ளைகளுக்கு ஒழுங்காக ஊசி போட்டால் வால்வு தேறிவிடும், சத்தம் தானாக மறைந்துவிடும், அவரே பார்த்திருக்கிறார். மகிஷாவுக்கும் மறைந்திருக்கலாம். அவர் கேட்டது உண்மையாகவே இருக்கலாம். இதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் தொங்கினார். அப்படி மறைந்திருந்தாலும் ஊசியை நிறுத்தக் கூடாதே. இன்னொரு காய்ச்சல் வந்தால் வால்வு முழுக்கப் போய்விடுமே, அதுவும் மாணவர்களுக்குச் சொன்னதுதானே. அப்படியென்றால் காது மட்டும் குற்றவாளி இல்லை. காது நன்றாக இருந்தாலும் அந்தப் பேச்சைப் பேசியிருக்கக் கூடாது. ஏன் பேசினார்? சந்தோஷத்தைக் கொடுக்க ஆசைப்பட்டார், அவ்வளவுதான். கேட்டும் தொட்டியும் கொடுத்தவர்களைப்போல அவருக்கும் ஏதாவது பெரிதாகக் கொடுக்க வேண்டியிருந்தது, ஒரு பெண் தரையில் உட்கார்ந்து அழுவது அவருக்கு வேண்டியிருந்தது. இசக்கிராஜா இன்னும் சட்டையைத் தூக்கிப் பிடித்தபடியே படுத்திருந்தான், விலா எலும்பெல்லாம் தெரிய, சிரிப்பு அடங்கி, டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டு. கீழே விடுப்பா சட்டையை என்றார். குரல் அவருக்கே எங்கிருந்தோ வருவதுபோல் இருந்தது.

"டீச்சர், எனக்குக் கேக்கலை" என்றார்.

கிரேஸ் டீச்சர் உடனே வாசல் பக்கம் திரும்பி, ஏல, சத்தம் போடாதீங்கல என்று வரிசையை அதட்டினார். அது இல்லை என்று குருபாதம் கையைப் பிடித்து நிறுத்தி, பையிலிருந்த டப்பாவைத் திறந்து காட்டி, எல்லாவற்றையும் சொன்னார், இந்தப் பையனை நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும், காலையிலிருந்து பார்த்த அத்தனை பேரையும் வேறு டாக்டர் திரும்பப் பார்க்க வேண்டும், எல்லாவற்றுக்கும் முன்னால் மாரிக்கனிக்குப் போன் போட வேண்டும், ஊசியை நிறுத்தக் கூடாது. டீச்சரின் முகம் மாறியது. நல்ல பெண், குருபாதத்தைவிட அவருக்காக அதிகம் வெட்கப்பட்டார், அதுதான் தாங்க முடியவில்லை. களைப்பா இருக்கும் சார், கொஞ்சம் மோர் குடிங்க, உங்களுக்குத் தெரியாததா என்று ஆரம்பித்தவர், அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனை எடுத்தார். குருபாதம் காது மிஷின் இரண்டையும் மாட்டப் பார்த்தார். ஒன்று கீழே விழுந்து தையல் மிஷினுக்கு அடியில் போயிற்று, குனிய முடியவில்லை, இசக்கிராஜா பெஞ்சிலிருந்து குதித்துத் தேடினான். மூச்சு வாங்குமே இவனுக்கு, குதிக்காதடா என்று சொல்ல வாய் வரவில்லை.

டீச்சர் போனில் வெகுநேரம் பேசினார். நடுநடுவே இவரைப் பார்த்தார், பிறகு பார்க்காமல் சுவரைப் பார்த்தார். என்ன சொல்லுதாவ என்று கேட்டார் குருபாதம். டீச்சர் போனைக் கையால் பொத்திக்கொண்டு தயங்கித் தயங்கிச் சொன்னார். அவர்கள் இரண்டு பேரும் திருச்செந்தூர் பஸ்ஸில் இருக்கிறார்களாம், நேர்த்திக்கடன், பிள்ளைக்கு மொட்டை போடுவதாக வேண்டியிருந்ததாம். ஊசி மருந்தை அப்போதே ஓடையில் வீசியாயிற்றாம்.

"யாராச்சும் வேற மாதிரி சொல்லுவாவ, காதுல வாங்காதன்னு பெரிய டாக்டரே சொல்லிட்டாவல்லா டீச்சர், நீங்களும் அப்படிச் சொல்லாதீங்க. இப்பதான் எம்பிள்ள சிரிச்சிருக்குன்னு சொல்லுதாவ சார்."

கொடுங்க, நான் பேசுறேன் என்று போனை வாங்கிக் காதோடு அழுத்திக்கொண்டார். பஸ் இரைச்சலோ என்னவோ, ஒரே மொத்தையான மௌனம். அம்மா, நான் டாக்டர் குருபாதம் பேசுறேன். ஊசியை நிறுத்தாதீங்கம்மா. காலையில் நான் சொன்னது தப்பு. எனக்கு வயசாயிட்டு, காது போயிட்டு, உங்க பிள்ளை நெஞ்சுல சத்தம் இருந்தாலும் எனக்குக் கேக்காது. அவள் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள், அது அவருக்குத் தெம்பாக இருந்தது. இன்னும் சொன்னார். கோகோ இப்போதைக்கு வேண்டாம், திரும்பியதும் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அங்கே அந்தச் சின்ன டாக்டர் சொன்னதுதான் சரி, நான் வேண்டுமானாலும் கூட வருகிறேன், உங்கள் காலில் விழுந்துகூடச் சொல்கிறேன். தவசிக்கண்ணைப் பற்றிக்கூடச் சொன்னார், மனைவியிடம்கூடச் சொல்லாததை, முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்பானே அதை. சொல்லச் சொல்ல நெஞ்சு இளகியது, கண் நிறைந்தது, எவ்வளவு பொறுமையாகக் கேட்கிறாள் இந்தத் தாய் என்று தோன்றியது. புரியுதாம்மா? என்றார். புரியுதா? பதில் கேட்கவில்லை. அவள் குரல் மெல்லிசு, தனக்குத்தான் எட்டவில்லை என்று நினைத்து, நீங்க கேட்டுச் சொல்லுங்க டீச்சர் என்று போனை நீட்டினார்.

கிரேஸ் டீச்சர் வாங்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீங்க வாங்கும்போதே வச்சிட்டாவ சார்" என்றார்.

போனின் முகம் இருட்டாக இருந்தது. அதில் அவர் கன்னம் பட்ட வியர்வை. மறுபடி போடுங்கள் என்றார், டீச்சர் போட்டார், போட்டார், சுவிட்ச் ஆஃப் என்று வருகிறது என்றார். சாயங்காலம் வீட்டுக்கே போய்ச் சொல்லலாம் சார். போகலாம். போவார். அவள் உட்காரச் சொல்லி, கலர் சோடா வாங்கிவரச் சொல்லி ஆளை அனுப்புவாள், மொட்டைத் தலையும் சந்தனமுமாக வந்து பிள்ளை காலில் விழும், அவர் வாயைத் திறந்து சொல்லிக்கொண்டே இருப்பார், காலையில் அந்த வாய் சொன்னதை இந்த வாய் சொல்வதைவிட அவர்கள் அதிகம் நம்புவார்கள், ஏனென்றால் அதுதான் வேண்டியிருக்கிறது அவர்களுக்கு. வாசலில் தலைமையாசிரியை வந்து நின்றார், கையில் ஜரிகைப் பொன்னாடை, பின்னால் போட்டோ எடுக்கிற ஆள், வாய் நிறையச் சிரிப்பு, ஏதோ கேட்கிறார், உதடு அசைகிறது. எத்தனை பேர் முடிந்தது சார் என்பதாக இருக்கலாம். எல்லாருக்கும் நல்லாயிருக்கா சார் என்பதாக இருக்கலாம். இசக்கிராஜா தூசி படிந்த காது மிஷினைக் கண்டுபிடித்து உள்ளங்கையில் வைத்து நீட்டிக்கொண்டிருந்தான். குருபாதம் அதை வாங்கவில்லை. மெதுவாக ஸ்டெதஸ்கோப்பை எடுத்து இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டார், வட்டத்தைக் கையில் பிடித்தபடி, எந்த நெஞ்சிலும் வைக்காமல், பெஞ்சைப் பார்த்துக் குனிந்து நின்றார். தலைமையாசிரியை சட்டென்று வாயை மூடிக்கொண்டார். வாசலில் பிள்ளைகள் ஒருவரையொருவர் உதட்டில் விரல் வைத்து அடக்கினார்கள்.